99 சதவீதம் என்றால் எதில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ந்துகொண்டே இருக்கும் வலைப்பின்னல்களில் அடுத்து எந்த இருவருக்கிடையே தொடர்பு ஏற்படும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு 99 சதவீதத் துல்லியத்துடன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எளிதில் பிடிபடாத ஒரு துறையைப் பொது வாசகர்முன் வைக்க எடுத்துக்கொண்ட முயற்சிக்கு நன்றி. ஆயினும், தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இடம்பெற்ற அந்த 99 எதை அளக்கிறது என்பது கட்டுரையில் எங்குமே சொல்லப்படவில்லை. புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன், பணிக்காலத்தின் கடைசிப் பத்தாண்டுகள் இத்தகைய தரவுகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதியை எழுத வேண்டும் என்று தோன்றியது.

வலைப்பின்னல் என்று இத்துறையில் சொல்லப்படுவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டுமே. புள்ளியைக் கணு என்றும் கோட்டை இணைப்பு என்றும் குறிப்பிடுகிறோம். கணுக்கள் மனிதர்களானால் இணைப்பு என்பது நட்பு. ஆய்வாளர்களானால் சேர்ந்து எழுதிய கட்டுரை. புரதங்களானால் ஒன்றோடொன்று பிணையும் வினை. விமான நிலையங்களானால் நேரடிச் சேவை. இன்றுவரை உள்ள கோடுகளைக் கையில் கொடுத்துவிட்டு, இனி எந்தக் கோடு புதிதாக முளைக்கும் என்று கேட்பதே இணைப்பு முன்கணிப்பு. கேள்வி சிறியதுதான். விடை சரியா, தவறா என்று மதிப்பெண் போடும் இடத்தில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் உறுப்பினர்கள் உள்ள சமூக வலைத்தளம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவர்களை இருவர் இருவராகச் சேர்த்தால் ஏறத்தாழ 500 கோடி ஜோடிகள் வரும். அவற்றுள் 50,000 ஜோடிகள் அடுத்த ஓராண்டில் புதிதாக நண்பர்களாகின்றன என்று வைத்துக்கொள்வோம். கணினியே இல்லாமல், எந்த ஜோடியைக் காட்டினாலும் "சேர மாட்டார்கள்" என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், என் விடைகளில் 99.999 சதவீதம் சரியாக இருக்கும். அதே நேரத்தில், மலரப்போகும் 50,000 நட்புகளில் ஒன்றைக்கூட நான் சொல்லியிருக்க மாட்டேன். கட்டுரை வியந்த 99ஐ இந்தச் சோம்பேறி முறை உட்கார்ந்த இடத்திலிருந்தே தாண்டிவிடுகிறது.

ஆய்வாளர்கள் இந்தப் பொறியை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் அவர்களுள் பலர் வேறோர் அளவையைக் கையாளுகிறார்கள்: உண்மையில் உருவான ஓர் இணைப்பையும் உருவாகாத ஓர் இணைப்பையும் அருகருகே வைத்து, எது உருவாகும் என்று கணினி நிரலைக் கேட்டால், நூற்றுக்கு எத்தனை முறை சரியானதைக் காட்டுகிறது என்பதே அந்த அளவை. கட்டுரையின் 99 இந்த வகையைச் சேர்ந்தது என்றே ஊகிக்கிறேன். இது நேர்மையான அளவைதான். ஆனால் அதை மேற்சொன்ன வலைத்தளத்தில் பொருத்திப் பாருங்கள். நிரல் ஒவ்வொரு ஜோடிக்கும், சேரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துகிறது. 99 சதவீதம் என்பதன் பொருள், உருவாகப்போகும் ஓர் இணைப்பைவிட அதிக மதிப்பெண் பெற்று, உருவாகாத ஜோடிகளில் சராசரியாக ஒரு சதவீதம் வரிசையில் அதற்கு மேலே நிற்கிறது என்பதாகும். 500 கோடியில் ஒரு சதவீதம் 5 கோடி. பட்டியலின் உச்சியிலிருந்து படித்துக்கொண்டு வருபவர், 5 கோடிப் பொய்களைக் கடந்த பிறகுதான் சராசரியான ஒரு மெய்யைச் சந்திப்பார். இந்தச் சராசரிக்குள் முதல் பக்கத்திலேயே வந்துவிடும் மெய்களும் இருக்கலாம், கடைசிப் பக்கங்களில் புதைந்துவிட்டவையும் இருக்கலாம். எது எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது.

எனவே பயன்படுத்துபவருக்குத் தேவையான கேள்வி வேறு: நிரல் தன் பட்டியலின் உச்சியில் வைத்த நூறு ஜோடிகளில் எத்தனை ஜோடிகள் பின்னர் உண்மையாகவே இணைந்தன? இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பிய தொடக்கக்கால ஆய்வு டேவிட் லிபென்-நோவெல், ஜான் கிளைன்பெர்க் ஆகியோர் 2003இல் வெளியிட்டது. இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவேற்றும் ஆர்க்கைவ் களஞ்சியத்திலிருந்து ஐந்து பிரிவுகளை எடுத்துக்கொண்டு, 1994 முதல் 1996 வரை யார் யாருடன் சேர்ந்து எழுதினார்கள் என்பதை மட்டும் வைத்து, 1997 முதல் 1999 வரை யார் யார் புதிதாகச் சேர்வார்கள் என்று கணிக்க முயன்றார்கள். குருட்டாம்போக்கில் ஊகித்தால் எந்தப் பிரிவிலும் அரை சதவீதம்கூடத் தேறாது. அவர்கள் சோதித்த முறைகளில் மிகச் சிறந்தது, அதற்கு மிக வாய்ப்பாக அமைந்த பிரிவில், நூற்றுக்குச் சுமார் 16 இடங்களில் சரியாகச் சொன்னது. குருட்டு ஊகத்தோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு மேலானது. அதற்காக அந்த ஆய்வு இன்றும் மதிக்கப்படுகிறது. எனினும் 84 தவறுகளும் அதே பட்டியலில்தான் இருந்தன என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. அன்றைய முறைகளைவிட இன்றைய முறைகள் வலிமையானவை என்பதில் ஐயமில்லை. நான் குறை சொல்வது முறைகளை அன்று, அவற்றைப் பற்றி நாம் எழுதும் விதத்தை.

இந்தக் கணிப்புகள் எதை வைத்து நடக்கின்றன என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதில் மாயம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த இருவர் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தால், என் வழியாக அவர்கள் என்றேனும் அறிமுகமாக வாய்ப்புண்டு. பொதுவாகத் தெரிந்தவர்கள் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். ஆகவே மிக எளிய முறை, இருவருக்கும் பொதுவான நண்பர்களை எண்ணுவதுதான். ஆனால் எல்லாப் பொது நண்பர்களும் ஒரே எடை உடையவர்கள் அல்லர். நமக்குப் பொதுவான ஒருவருக்கு மொத்தமே ஐந்து நண்பர்கள்தான் என்றால், அந்த ஐவருள் நாம் இருவரும் இருப்பது நெருக்கத்தைக் காட்டுகிறது. ஐயாயிரம் பேரைத் தெரிந்த பிரபலம் ஒருவரை நாம் இருவரும் அறிவோம் என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. லாடா ஆடமிக், ஏய்டன் அடார் இருவரும் 2003இல் முன்வைத்த அளவீட்டில், ஒவ்வொரு பொது நண்பருக்கும் அவருடைய நண்பர் எண்ணிக்கையின் மடக்கையால் (லாகரிதம்) ஒன்றை வகுத்து எடை தரப்படுகிறது. இயல் மடக்கையைக் கொண்டு போட்டால் ஐந்து நண்பர் உடையவருக்கு 0.62, ஐயாயிரம் நண்பர் உடையவருக்கு 0.12 என வரும். மடக்கையை எடுத்துவிட்டு எண்ணிக்கையாலேயே நேராக வகுக்கும் பிற்கால முறையில் இந்த வேறுபாடு ஆயிரம் மடங்காகிவிடும். எது சரி என்று காகிதத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. குறிப்பிட்ட வலைப்பின்னலில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நண்பர்களின் நண்பர்களோடு நில்லாமல், நீண்ட பாதைகளையும் கணக்கில் சேர்த்து, நீளம் கூடக்கூட எடையைக் குறைத்துக்கொண்டே போகும் வழியை லியோ காட்ஸ் 1953லேயே வகுத்துவிட்டார். அவர் அதை உருவாக்கியது ஒரு குழுவில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று அளப்பதற்காக.

ஏற்கனவே நிறைய இணைப்புகள் உள்ள கணுவுக்கே புதிய இணைப்புகளும் போய்ச் சேரும் என்பது இன்னொரு கொள்கை. பராபாசி, ஆல்பர்ட் ஆகியோரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு இது பரவலாக அறியப்பட்டது; மேற்கோள்கள் எவ்வாறு குவிகின்றன என்பதை ஆராய்ந்த டெரெக் பிரைஸ் இதையே பல ஆண்டுகளுக்கு முன்னர் சொல்லியிருந்தார். இதை இங்கே விரிக்கவில்லை.

தங்கள் கட்டுரை, ஒரே நிரல் நட்பு முதல் நோய்வரை அனைத்தையும் கணிக்கும் என்ற தோற்றத்தைத் தருகிறது. இதை மறுக்கப் புரதங்களே போதும். மனித உடலில் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஜோடி சேர்த்தால் 20 கோடி. இத்தனையையும் ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் சோதிப்பது மலைக்க வைக்கும் வேலை என்பதால், எவற்றை முதலில் சோதிக்கலாம் என்று சொல்லும் முன்கணிப்புக்கு அங்கு உண்மையான தேவை இருக்கிறது. ஆனால் "பொது நண்பர் இருந்தால் நட்பு வரும்" என்ற விதியை அங்கே கொண்டுபோனால் காலை வாரிவிடும். இரண்டு புரதங்கள் ஒரே மூன்றாவது புரதத்தோடு பிணைகின்றன என்றால், அவை இரண்டும் ஒத்த வடிவமுடையவை என்றே பெரும்பாலும் பொருள். ஒரே பூட்டைத் திறக்கும் இரண்டு சாவிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டி, இரண்டு இணைப்புகளில் சென்றடையும் பாதைகளைவிட மூன்று இணைப்புகளில் சென்றடையும் பாதைகளை எண்ணுவதே புரதங்களுக்குப் பொருந்தும் என்று நிறுவியது. அதாவது, என் சாவியைப் போன்ற இன்னொரு சாவி எந்தப் பூட்டுகளைத் திறக்கிறதோ, அவற்றை என் சாவியும் திறக்கக்கூடும். அதற்கடுத்த ஆண்டில் 550 வலைப்பின்னல்களில் 203 முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வும், எல்லா இடத்திலும் வெல்லும் தனிமுறை என்று ஒன்று இல்லை என்றே கண்டது. பல முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதே பலனளித்தது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. இதைச் சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. பணியில் இருந்தபோது, ஆய்வாளர்கள் சேர்ந்தெழுதிய கட்டுரைகளின் வலைப்பின்னல் ஒன்றைத் தொகுத்து, அதிலிருந்து பத்தில் ஒரு பங்கு இணைப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் எடுத்து மறைத்துவிட்டு, மறைத்தவற்றைக் கண்டுபிடிக்குமாறு எங்கள் நிரலைக் கேட்டோம். முடிவு பிரமாதமாக வந்தது. அறிக்கைகூட எழுதத் தொடங்கிவிட்டோம். அப்போது முதுகலை மாணவி ஒருவர், "ஐயா, மூன்று பேர் எழுதிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி, கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். ஒரே கட்டுரையிலிருந்து மூன்று கோடுகள் வருகின்றன. அவற்றில் ஒன்றை மறைத்தால், மீதி இரண்டும் மறைந்த கோட்டை விரல் நீட்டிக் காட்டிக் கொடுக்கின்றன. எதிர்காலத்தில் அப்படி நடக்காது; அந்தக் கட்டுரை இன்னும் எழுதப்படவே இல்லை என்றால் மூன்று கோடுகளும் சேர்ந்தேதான் இல்லாமல் இருக்கும். நாங்கள் செய்தது, விடைத்தாளின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதிய கதை. ஒரு தேதியில் தரவை வெட்டி, அதற்கு முன்னுள்ளதை மட்டும் நிரலுக்குக் காட்டி, பின்னுள்ளதைச் சோதனைக்கு வைத்து மீண்டும் ஓட்டினோம். எங்கள் பிரமாதம் அன்று மாலையே கரைந்துபோனது. அறிக்கையைக் கிழித்துப் போட்டோம்.

விடுபட்ட இணைப்பைக் கண்டுபிடிப்பது வேறு, வரப்போகும் இணைப்பைக் கணிப்பது வேறு என்பதைத்தான் அந்த முக்கோணம் எனக்குப் புரியவைத்தது. முன்னது, இருப்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை என்ற நிலை. புரத ஆய்வு பெரும்பாலும் அந்த வகை. பின்னது, இன்னும் இல்லாத ஒன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், முதல் வகைச் சோதனையில் வாங்கிய மதிப்பெண் இரண்டாம் வகை வாக்குறுதியின் தலையில் ஏற்றப்படுகிறது.

தேதியை வெட்டுவதோடும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. காலப்போக்கில் மாறும் வலைப்பின்னல்களில் பெரும்பகுதி பழைய தொடர்புகள் திரும்பத் திரும்ப நிகழ்வதே: நேற்று மின்னஞ்சல் அனுப்பியவருக்கே இன்றும் அனுப்புகிறோம். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பு கண்ட இணைப்பு மீண்டும் வரும், காணாதது வராது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு முறையை, மிகச் சிக்கலான நரம்பணு வலைப்பின்னல் மாதிரிகளோடு (மூளையின் நரம்பணுக்களைப் பின்பற்றி அமைத்த, தரவிலிருந்து கற்கும் நிரல்கள்) போட்டியிட வைத்தது. எதையும் கற்காத அந்த முறை, வழக்கமான சோதனைகளில் பல இடங்களில் பெரிய மாதிரிகளுக்கு ஈடுகொடுத்தது. சோதனைக்கு வைக்கும் பொய் ஜோடிகள் எவரும் நிராகரிக்கக்கூடிய அளவுக்கு எளியவையாக இருந்ததே அதற்குக் காரணம். கடினமான பொய் ஜோடிகளை வைத்ததும் தரவரிசை மாறியது. இதில் இன்னொரு விடுபடலும் உண்டு. நேற்றுதான் வலைப்பின்னலுக்குள் நுழைந்த கணுவுக்குக் கடந்த காலமே இல்லை. எனவே பல ஆய்வுகள் புதியவர்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு காலக்கட்டங்களிலும் தொடர்ந்து இயங்கியவர்களை மட்டுமே சோதிக்கின்றன. மேலே நான் புகழ்ந்த 2003ஆம் ஆண்டு ஆய்வும் அப்படித்தான் செய்தது. யார் தொடர்ந்து இயங்குவார் என்பதே எதிர்காலத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். இணைப்புகள் அறுந்துபோவதைப் பற்றியோ, முளைப்பதைப் பற்றி எழுதப்படும் அளவில் சிறு பங்குகூட எழுதப்படுவதில்லை.

அப்படியானால் இந்தத் துறை வெறும் எண் விளையாட்டா என்றால், இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தகவல் அறிவியலாளராக இருந்த டான் சுவான்சன் 1986இல் செய்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ நோயைப் பற்றிய கட்டுரைகளில், நோயாளிகளின் இரத்தம் வழக்கத்தைவிடத் தடித்திருப்பதாகவும் இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்வதாகவும் எழுதப்பட்டிருந்தது. மீன் எண்ணெய் பற்றிய வேறு கட்டுரைகளில், அது இரத்தத்தின் தடிப்பையும் தட்டணுக்கள் ஒட்டுவதையும் குறைக்கிறது என்று இருந்தது. இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததற்கான தடயமே இல்லை. இரண்டையும் படித்த சுவான்சன், ரேனோ நோய்க்கு மீன் எண்ணெய் உதவக்கூடும் என்ற இணைப்பை முன்வைத்தார். 1989இல் வெளியான சிறிய மருத்துவச் சோதனை ஒன்று, நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குப் பலன் இருப்பதைக் காட்டியது. அவர் பயன்படுத்தியதும் பொது நண்பர் விதியைத்தான். ஆனால் ஒருபோதும் சந்தித்திராத இரண்டு கூட்டங்களுக்கிடையே அதைப் பயன்படுத்தினார். ஒரே அறையில் வேலை செய்யும் இருவர் நண்பர்களாவார்கள் என்று நூறு முறை சரியாகச் சொல்லும் நிரலைவிட, இப்படி ஓர் இணைப்பை ஒருமுறை சொல்வதே மேல் என்பது என் எண்ணம். சதவீதக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலவே எண்ணப்படுகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

கணிப்பு கணிக்கப்பட்டவர்களின் கண்ணில் படும்போது கதை இன்னும் சிக்கலாகிறது. "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று ஒருவர் முகத்தை நமக்குக் காட்டிவிட்டு, நாம் அவரை இணைத்துக்கொண்டதும், கணிப்பு பலித்தது என்று நிரல் கணக்கெழுதிக்கொள்கிறது. காட்டாமல் இருந்தால் நடந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ட்விட்டர் 2010இல் யாரைப் பின்தொடரலாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கியதன் விளைவை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, எல்லாத் தரப்பினருக்கும் பின்தொடர்வோர் கூடினாலும், ஏற்கனவே மிகப் பிரபலமாக இருந்தவர்களே சராசரியைவிட மிக அதிகமாகப் பயனடைந்தார்கள் என்று கண்டது. பிரபலங்களுக்கே இணைப்பு சேரும் என்று கற்ற நிரல், பிரபலங்களையே காட்டி, அதையே மீண்டும் கற்கிறது.

நட்புப் பரிந்துரையில் தவறினால் போவது ஒன்றுமில்லை. விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். தங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியோ, இதே நிரல் குற்றக் கும்பல்களின் மறைவான தொடர்புகளையும் "முன்கூட்டியே அம்பலப்படுத்தும்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கிறது. அந்த வரியைப் படித்தபோதுதான் இக்கடிதத்தை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். நூற்றுக்கு 16 சரி என்ற பட்டியலைக் கட்டுரை எழுதும் ஆய்வாளர்களிடம் கொடுத்தால் அது சுவையான பட்டியல். விசாரணை அதிகாரியிடம் கொடுத்தால், மீதமுள்ள 84 வரிகளும் எந்தத் தொடர்பும் இல்லாத மனிதர்கள். ஒரே நண்பரைப் பொதுவாகப் பெற்றிருந்தார்கள் என்பதைத் தவிர அவர்கள் செய்தது ஏதுமில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளை இனி வெளியிடும்போது, சதவீதத்தோடு கூட, சோதனையில் மொத்தம் எத்தனை ஜோடிகள் இருந்தன, தரவு எந்தத் தேதியில் வெட்டப்பட்டது அல்லது வெட்டப்படவே இல்லையா, பட்டியலின் முதல் நூறில் எத்தனை பலித்தன என்பவற்றையும் ஆய்வாளர்களிடம் கேட்டு ஓரிரு வரிகளில் அச்சிடுங்கள். மேற்சொன்ன கட்டுரைக்கு அடிப்படையான ஆய்வில் இந்த விவரங்கள் இருக்குமானால், அடுத்த வார அறிவியல் பக்கத்தில் ஒரு மூலையிலாவது அவற்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்